பூசணம் பிடித்த கடலையும் கல்லீரல் புற்றுநோயும்

பூசணம் கண்ட நிலக்கடலையைக் கழித்தெறியாமல், ஆட்டி எண்ணெய் எடுப்பதும் மாடுகளுக்கு இடுவதும் குடியானவர்களிடையே காணப்படும் வழக்கம். இதனால் விளையும் கேடு கண்ணுக்குப் புலப்படுவதன்று.

1960-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் ஒரு லக்ஷத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மாண்டன. அவற்றின் தீனியிற் கலந்திருந்த பிரேஸில் தேசத்துக் கடலைப் பிண்ணாக்கே காரணமென்று பின்னர் வெளியாயிற்று. அதில் வளர்ந்த அஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்னும் பூசணம் உண்டாக்கிய விஷத்திற்கு அஃப்ளடாக்ஸின் என்று பெயரிட்டனர்.

இவ்விஷத்தை வெளியேற்றும் பொருட்டுக் கல்லீரல் அதை வேறொரு பொருளாக மாற்றுகிறது. அப்பொருளோ முன்னதிலும் கொடியது. அது உயிரணுவிலுள்ள டி.என்.ஏ.யிற் பற்றிக்கொண்டு, குவானின் இருக்கவேண்டிய இடத்தில் தைமின் அமரும்படி செய்கிறது. பழுதுற்ற அணுக்கள் பெருகாதபடி தடுக்கும் காவற்காரன் போன்றது டீ.பி.53 என்னும் ஜீன். அதன் 249-வது குறியில் இம்மாறுதல் நேர்ந்தால் காவல் தளர்ந்து, புற்றுநோய்க்கு வழி பிறக்கிறது.

சீன தேசத்தில் யாங்ட்ஸி நதி முகத்துவாரத்திலுள்ள சிடோங் பிரதேசத்தில் மக்காச்சோளமே முன்பு முக்கிய உணவு. கல்லீரல் புற்றுநோயும் அங்கு மிகுதி. அவ்விடத்து நோயாளிகள் 16 பேரின் கட்டிகளைச் சோதித்து 1991-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 8 கட்டிகளில் அந்த 249-வது குறியிலேயே மாறுதல் காணப்பட்டது. இவ்விஷத்துடன் ஹெபடைடிஸ் பி என்னும் ஈரல் நோய்க்கிருமியும் சேர்ந்தால், இரண்டுமில்லாதவரைவிட அபாயம் சுமார் 60 மடங்கு என்று ஷாங்ஹாய் நகரத்து ஆராய்ச்சியொன்று கண்டது. 1980-களில் சிடோங் ஜனங்கள் அரிசியுணவுக்கு மாறியபின், இளவயதினரிடையே இந்நோயால் நேரும் மரணம் வெகுவாய்க் குறைந்தது.

ஆகவே, தடுக்கும் வழி பெரும்பாலும் களத்திலேயே இருக்கிறது:

1. முதிர்ந்தவுடன் காலதாமதமின்றி அறுவடை செய்க. மண்வெட்டியால் வெட்டுண்ட காய்களைத் தனியே பிரித்துவிடுக.

2. பருப்பு கலகலவென ஒலிக்கும்வரை காய்களை வெயிலில் நன்கு உலர்த்துக.

3. உடைப்பதற்கு இலகுவாகும் பொருட்டுக் காய்களின்மேல் நீர் தெளிக்கும் வழக்கத்தை அறவே விடுக.

4. மூட்டைகளைத் தரையில் வைக்காமல் பலகைமேல் அடுக்குக.

5. பூசணம் பிடித்ததை மாட்டுக்கும் இடாதிருக்க. விஷம் பாலிலும் இறங்கும்.

வேகவைப்பதாலோ வறுப்பதாலோ இவ்விஷம் முற்றும் அழிவதில்லை. குழந்தை பிறந்தவுடன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடுவித்தலும் அவசியம். பூசணக் கடலையைக் கழிப்பதால் நேரும் நஷ்டம் சில படிகளே. அதைக் கழியாமல் உண்பதால் நேரும் நஷ்டம் உயிராகவும் இருக்கலாம்.