உப்புக் காற்றில் ஒரு குளிர் யந்திரம்

தூத்துக்குடியில் குடியிருப்பவர் எவருக்கும் இரும்பின் ஆயுளைப் பற்றி எவரும் தனியே போதிக்க வேண்டியதில்லை. வேறு ஊர்களில் பத்து, இருபது ஆண்டுகள் நிற்கக்கூடிய ஜன்னல் கம்பியும், மாடிப்படிக் கைப்பிடியும், வாசற்கதவின் கீலும் இங்கே சில மழைக்காலங்களுக்குள்ளாகவே செதில் செதிலாக உதிர்வதை நாம் அன்றாடம் பிரத்தியட்சமாகக் கண்டு வருகிறோம். உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்த இடத்தைத் தமிழகம் பெற்றிருப்பதற்கு முதற்காரணமான உப்பளங்கள் ஒருபுறமும், மன்னார் வளைகுடா மறுபுறமுமாகச் சூழ்ந்த இவ்வூரில், வீட்டுக்கு வர்ணம் பூசுவதற்குக்கூட கடற்காற்றை உத்தேசித்தே டப்பாவைத் தேர்ந்தெடுக்கும் நம் ஜனங்கள், நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்து ஸ்பிளிட் ஏ.சி. வாங்கும்போது மாத்திரம், விலை என்ன, எத்தனை நட்சத்திரம் என்ற இரண்டு கேள்விகளோடு திருப்தியடைந்து விடுகிறார்கள். நானும் அவ்விதமே செய்தவன்.

எங்கள் வீடு கடற்கரைச் சாலைக்குச் சற்று உள்ளே தள்ளி, கிழக்குச் சுவர் கடலைப் பார்க்கும்படி அமைந்தது. கடையிலிருந்து யந்திரத்துடன் இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். ஒருவர் உள்ளே சுவரைத் துளைக்க, மற்றவர் ஜன்னல் வழியாக வெளியேறி, இரண்டாம் மாடியின் சன்ஷேடு மீது வெறுங்காலுடன் நின்று, அவுட்டோர் யூனிட்டை மார்போடு அணைத்துத் தூக்கினார். "தம்பி, இடுப்புல கயிறு ஒண்ணும் கட்டலையா?" என்று கேட்டேன். "பழகிப் போச்சு அண்ணாச்சி, நீங்க பயப்படாதீய. இன்னும் மூணு வீடு பாக்கணும்" என்றார். முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. குளிர்ந்த காற்று வந்தது. காப்பி கொடுத்து அனுப்பினேன். இரண்டாவது கோடையின் நடுவில் ஒரு நாள் அந்தக் குளிர்ச்சி நின்றது. பார்க்க வந்த மெக்கானிக் அவுட்டோரின் பின்பக்கத்தை விரலால் தொட்டுக் காட்டினார். மெல்லிய அலுமினியத் தகடுகள் வெண்மையான பொடியாக உதிர்ந்தன. கேஸ் முழுவதும் போயிருந்தது. வாரண்டி அட்டையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனபோது, கடற்காற்றால் ஏற்படும் சேதம் அதில் அடங்காது என்று ஒரே வாக்கியத்தில் பதில் கிடைத்தது.

அந்தப் பொடி என்னவென்று பிற்பாடு விசாரித்து அறிந்தேன். அவுட்டோர் யூனிட்டின் காயிலில், பெரும்பாலான மாதிரிகளில், தாமிரக் குழாய் அலுமினியத் தகடுகளின் ஊடே செல்கிறது. இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக் கொண்டிருக்க, அவற்றின் மீது உப்பு கலந்த ஈரம் படிந்தால், அந்த இடம் ஒரு சிறிய மின்கலத்தைப் போல் ஆகி, இரண்டில் பலவீனமான அலுமினியம் கரையத் தொடங்குகிறது. தகடு போன பிறகு குழாய் உஷ்ணத்தை வெளியேற்ற முடியாமல் தவிக்கிறது, கம்ப்ரசர் அளவுக்கு மீறி உழைக்கிறது, மின்சாரக் கட்டணம் ஏறுகிறது, கடைசியில் ஊசிமுனை அளவான ஓட்டையின் வழியே கேஸ் வெளியேறுகிறது. தகட்டின் மீது நீல நிறத்திலோ பொன்னிறத்திலோ ஒரு பூச்சு இருப்பதைக் காட்டி, இது கடலோரத்துக்கென்றே செய்தது என்று விற்பனையாளர் சொல்லக்கூடும். நிறம் ஒரு சாட்சியமாகாது. உப்புக் காற்று அரிப்புக்கு வாரண்டி உண்டா, காயிலுக்கு எத்தனை ஆண்டு, கம்ப்ரசருக்கு எத்தனை ஆண்டு என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்குவதே சாட்சியம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் காணப்படும் பத்தாண்டு அநேகமாகக் கம்ப்ரசருக்கு மட்டுமே உரியது.

அவுட்டோரைக் கடலுக்கு நேரே வைக்கலாகாது. நம் ஊரில் கடல் கிழக்கே. மேற்குச் சுவரிலோ மாலை வெயில் கொளுத்தும். ஆகவே, இடம் இருக்குமானால் வடக்குச் சுவரே உத்தமம். மாதம் ஒருமுறை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, வேகமில்லாத நீரால் காயிலைக் கழுவ வேண்டும்; அந்த நீர் தாமிரபரணிக் குழாய் நீராக இருக்கட்டும், ஏனெனில் நம் தெருக்களில் பல ஆழ்துளைக் கிணறுகளின் நீரே உப்பாயிருப்பதால், அதைக் கொண்டு கழுவுவது நோயைக் கொண்டே நோயைத் தீர்க்க முயல்வதாகும். யந்திரத்தைத் தாங்கும் ஸ்டாண்டு துத்தநாகம் முலாம் பூசப்பட்டதாகவும், போல்ட்டுகள் துருப்பிடிக்காத எஃகாகவும் இருத்தல் அவசியம். அவுட்டோர் சாமானிய பாரமன்று. ஸ்டாண்டின் துரு சுவரோடு ஒட்டிய பின்பக்கத்தில்தான் முதலில் தொடங்குமாதலால், கீழே நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அது தென்படுவதேயில்லை, அதன் கீழேயோ குழந்தைகள் விளையாடும் சந்து. பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய பழைய வீடுகள் இன்னும் நம்மிடையே நிற்கின்றன. அச்சுவர்களில் விரிவு போல்ட் பிடிக்காது, கல் நொறுங்கும். அங்கே தரையிலோ மொட்டை மாடியிலோ மேடை கட்டி வைப்பதே தகும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் தொண்ணூறு சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதையும், தாமிரபரணி கரை புரண்டதையும், நம் தெருக்களில் நாள்கணக்கில் வெள்ளம் நின்றதையும் கண்டவர்களுக்கு, அந்த மேடை எத்தனை உயரம் வேண்டும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளத்தில் மூழ்கிய யந்திரத்தை, அது வெளித்தோற்றத்துக்கு உலர்ந்துவிட்டது என்பதற்காக, மெக்கானிக் மின்கசிவை அளக்கும் மெகர் கருவியை வைத்துச் சோதிக்கும் முன்னர் ஒருக்காலும் ஓட்டலாகாது.

மின்சாரத்தின் விஷயத்தில் சிக்கனம் காட்டுவதைப் போன்ற அபாயம் வேறில்லை. ஒன்றரை டன் ஏ.சி.க்கு மீட்டர் பலகையிலிருந்து தனியாக நான்கு சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி இழுத்து, அதற்கென்றே எம்.சி.பி. என்னும் தானியங்கி சுவிட்சு ஒன்று வைக்க வேண்டும், மிக்ஸிக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் உரிய பிளக்கில் செருகுவது கம்பியைச் சுவருக்குள்ளேயே சூடாக்கி எரிப்பதற்கு வழி. ஆனால் எம்.சி.பி. காப்பாற்றுவது கம்பியையே, மனிதனை அல்ல. யந்திரத்தின் உடலில் மின்சாரம் கசிந்து, அதை ஒருவர் தொட்ட கணத்தில், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டித்து விடுவது ஆர்.சி.சி.பி. என்னும் கருவி, மின்வாரியமே அதை உயிர் காக்கும் சாதனம் என்று சொல்லி வீடுதோறும் பொருத்தும்படி வேண்டிக்கொள்கிறது. எர்த் விஷயத்தில் நம் மண்ணுக்கு ஒரு விசேஷ குணம் உண்டு: உப்பு மண் மின்சாரத்தை நன்றாக ஏற்கும், ஆனால் அதில் புதைத்த இரும்புக் குழாயையும் அதே வேகத்தில் தின்றுவிடும். வீடு கட்டியபோது போட்ட எர்த் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறதா என்று அளந்து பார்த்த பின்னரே அதை நம்ப வேண்டும். எர்த் இல்லாத இடத்தில் நியூட்ரலோடு இணைத்துச் சமாளிப்பவரை உடனே தடுக்க வேண்டும். இவ்வேலை அரசு உரிமம் பெற்ற ஒயர்மேனுக்கு உரியது. மின்வாரியத்தில் நம் பெயரில் அனுமதிக்கப்பட்ட லோடு எத்தனை கிலோவாட் என்று பார்த்து, போதாதெனில் கூடுதல் லோடுக்கு மனுச் செய்து கொள்வதும் நம் கடமையே.

கேஸ் என்று நாம் பொதுவாகச் சொல்வது பலவிதம். பழைய யந்திரங்களின் ஆர்-22 ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் 1987-இன் மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி படிப்படியாக விலக்கப்படுகிறது. இன்று கடைகளில் பெருவாரியாகக் காணப்படும் ஆர்-32 தீப்பற்றும் இயல்பைச் சிறிதளவு உடையது. ஆர்-290 என்பது சமையல் வாயுவின் இனத்தைச் சேர்ந்த புரோப்பேனே. ஆர்-32 உள்ள குழாய்களில் அழுத்தம் ஆர்-22-ஐ விட ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆகவே பழைய குழாயையே புதிய யந்திரத்துக்கு மாட்டுவதும், யந்திரத்தின் பெயர்த்தகட்டில் எழுதியிருக்கும் கேஸுக்குப் பதிலாகக் கையிலிருக்கும் கேஸை நிரப்புவதும் தவறு. குழாய்களை இணைத்த பின், நைட்ரஜன் செலுத்திக் கசிவு பார்த்து, பின்பு வேக்கம் பம்பினால் உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்து எடுத்து, கேஜின் முள் ஏறாமல் நிற்கிறதா என்று சற்றுப் பொறுத்துக் கவனித்த பிறகே வால்வைத் திறக்க வேண்டும். இதற்கு அரை மணி நேரம் கூடுதலாகும். என் வீட்டில் வந்தவர்கள் பம்பையே கொண்டு வரவில்லை. சிறிது கேஸை வெளியே விட்டு அதனோடு காற்றைத் தள்ளினார்கள், அப்போது எனக்கு அது புரியவில்லை. நைட்ரஜனுக்குப் பதிலாக ஆக்ஸிஜன் சிலிண்டரை மாட்டினால், கம்ப்ரசர் எண்ணெயோடு அது சேர்ந்து குண்டைப் போல் வெடிக்கும். வீடு மாற்றும்போது கேஸை அவுட்டோருக்குள் இழுத்து அடைக்கிறார்களே, அந்த வேளையில் கம்ப்ரசரை நிறுத்தாமல் குழாயைக் கழற்றினால், காற்று உள்ளே உறிஞ்சப்பட்டு, எண்ணெய் ஆவியோடு அழுந்திச் சூடாகி வெடிக்கக் கூடும். ஜப்பானில் இவ்வகை விபத்துக்கள் நிகழ்ந்து பகிரங்கமாக எச்சரிக்கைகள் விடுக்கப்பட்டிருக்கின்றன. குழாயில் கை வைக்கும் முன் யந்திரம் நின்றுவிட்டதா என்று கேட்பதற்கு நாம் நிபுணராக இருக்க வேண்டியதில்லை.

2022 நவம்பரில் சென்னையை அடுத்த ஊரப்பாக்கத்தில், நெடுநாள் பூட்டியிருந்த வீட்டுக்குத் திரும்பி வந்து உறங்கிய குடும்பத்தினரில் மூவர், குளிர்சாதனப் பெட்டியிலிருந்து வெளியேறிய வாயுவால் மூச்சுத் திணறி இறந்த செய்தி பலருக்கு நினைவிருக்கலாம். அது ஏ.சி. அல்ல, ஆயினும் இரண்டும் ஒரே தத்துவத்தில் இயங்குபவை, அடைத்த அறையில் கேஸ் கசிவது இரண்டிலும் ஆபத்தே. நெடுநாள் பயன்படாத யந்திரத்தை இரவில் ஓட்டி, கதவடைத்துத் தூங்கச் செல்வதற்கு முன், பகலில் ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்டிப் பார்ப்பது நல்லது. குளிர் திடீரெனக் குறைந்தாலோ, இனம் தெரியாத வாடை வீசினாலோ, விளக்கேற்றாமல், சுவிட்சைத் தொடாமல், வெளியேறி, மெயினை வெளியிலிருந்து அணைக்க வேண்டும்.

சன்ஷேடு மீது நின்ற அந்தத் தம்பியைப் பற்றி இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விடவும் மனம் ஒப்பவில்லை. 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோன நம் கடலின் முத்துக் குளிப்பில், கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு கடலடி முத்துப் பாருக்கு இறங்குபவனுடைய உயிர், மேலே தோணியில் நின்று கயிறு பிடிப்பவன் கையில் இருந்தது; ஆகையால் அந்தக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்த மைத்துனனிடமே கொடுப்பார்கள் என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம், தங்கையின் தாலிக்கு அவனைவிட அக்கறை உள்ளவன் யார்? இன்று நம் அறை குளிர வேண்டுமென்று நான்காம் மாடிச் சுவரில் தொங்குபவனுக்குக் கயிறும் இல்லை, அதைப் பிடிப்பவனும் இல்லை. ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவன், கயிறு கட்டும் பத்து நிமிஷத்தில் அடுத்த வீட்டை இழக்கிறான். ஆகவே குற்றம் அவனுடைய துணிச்சலைச் சார்ந்ததன்று, அவனை அனுப்பும் முறையைச் சார்ந்தது. வேலைக்கு ஆள் அனுப்பும்போது பாதுகாப்புப் பெல்ட்டோடு அனுப்புங்கள், இல்லையெனில் ஜன்னலைத் திறக்கமாட்டேன் என்று வாங்குகிறவர் முன்கூட்டியே சொல்லலாம். சொல்லவும் வேண்டும்.

இனி, தவறு நேர்ந்துவிட்டால் பரிகாரம் என்ன என்பது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் குறையோடு நில்லாமல், பொருத்திய வேலையின் குறையையும் சேவைக் குறைபாடாகக் கொள்கிறது. குறையுள்ள பொருளாலோ சேவையாலோ உடலுக்கும் உடைமைக்கும் தீங்கு நேர்ந்தால், தயாரித்தவர், விற்றவர், வேலை செய்தவர் ஆகியோரிடம் நஷ்ட ஈடு கோரவும் அதில் தனி அத்தியாயம் உண்டு. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம், கட்டணமில்லை. பலன் இல்லையெனில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே, காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். கொடுத்த விலை ஐந்து லட்ச ரூபாய்க்கு மேற்படாதவரை மனுக் கட்டணமும் கிடையாது, வக்கீல் வைத்தே தீர வேண்டுமென்ற நிர்ப்பந்தமும் கிடையாது. வக்கீல் தேவைப்பட்டு வசதியில்லாதவர்களும், வருமானம் எதுவாயினும் பெண்களும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் மூலம் இலவச உதவி பெறலாம். மின்கம்பத்திலோ மீட்டரிலோ கோளாறென்றால் மின்னகம் எண் 94987 94987.

ஆனால் ரசீது இல்லாதவனுக்கு எந்தச் சட்டமும் வாய் திறவாது. விலைக்கான பில், பொருத்தியதற்குத் தனி ரசீது, அதில் கூடுதல் குழாயின் நீளமும் விலையும், வேலைக்கு வந்தவரின் பெயர், யந்திரத்தின் வரிசை எண், வேக்கம் எடுத்தபோது கேஜின் புகைப்படம், இவற்றை ஓர் உறையில் இட்டு வைத்தால் போதும். பொருத்தியவர் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றவரா என்பதையும் அப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். வெளியாள் கை வைத்தார் என்ற ஒரே காரணத்தால் வாரண்டி மறுக்கப்படுவது சர்வ சாதாரணம்.

என்னிடம் இவற்றுள் பில் ஒன்றே இருந்தது. கடலோர ஊரில் விற்கையில் அரிப்புக்கு விலக்கு உண்டென்று எனக்குச் சொல்லவில்லை என்பதைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன், 1915-இலும் பதிந்தேன். இரண்டு மாதக் கடிதப் போக்குவரத்துக்குப் பின், புதிய காயிலை விலையின்றித் தருவதாகவும், கூலியும் கேஸும் என் பொறுப்பென்றும் ஒப்புக்கொண்டார்கள். முழு நியாயம் அன்று. மனுச் செய்திருந்தால் இன்னும் கிடைத்திருக்கலாம். ஏற்றுக்கொண்டேன்.

வேலைக்கு வந்தவர் அதே தம்பி. இம்முறை வேக்கம் பம்பும் கொண்டு வந்திருந்தார். அவுட்டோரை வடக்குச் சுவருக்கு மாற்றினோம். மீன்பிடித் துறைமுகத்தருகே வாங்கிய புதிய நைலான் கயிற்றை நடு அறைத் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு முனையை அவர் அணிந்த பெல்ட்டில் மாட்டி, மறு முனையைப் பிடித்துக்கொண்டு நான் ஜன்னலோரம் நின்றேன். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இடையில் ஒருமுறை வெளியிலிருந்து குரல் வந்தது: "அண்ணாச்சி, கொஞ்சம் விட்டுப் பிடிங்க." ஒரு முழம் விட்டுப் பிடித்தேன்.