எதைக் கண்டாலும் எண்ணிய கால்டன்

சாலையில் போகும் லாரி எண்களைக் கூட்டிப் பார்ப்பவர்கள் நம்மிடையே உண்டு. இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன் (1822–1911) அதற்கும் மேல். சலிப்பூட்டும் கூட்டத்தில் எத்தனை முறை நெளிகிறார்கள் என்று எண்ணுவார். கடிகாரத்தை எடுத்தால் தெரிந்துவிடுமே! தம் மூச்சை எண்ணியே நேரம் கணித்தார், நிமிடத்திற்கு 15.

1906இல் பிளிமத் கண்காட்சியில் எருதின் இறைச்சி எடையை ஊகிக்கும் போட்டி நடந்தது. 787 சீட்டுகளை வாங்கி வரிசைப்படுத்தினார். நடுவில் நின்ற ஊகம் 1,207 பவுண்டு. உண்மை எடை 1,198. தனியாள் தவறினாலும் கூட்டத்தின் கணிப்பு கிட்டத்தட்டச் சரியாக இருந்தது.

மனிதர்களையும் இப்படியே தரம் பிரித்தார் என்பதுதான் நெருடல். 1883இல் இனமேம்பாட்டுக் கொள்கைக்குப் பெயர் வைத்தவர் இவரே. பின்னாளில் அதன் பெயரால் பல நாடுகளில் கட்டாயக் கருத்தடை செய்யப்பட்டது.