குடும்பப் பெயர்களின் கதை – 9: ஒரு தகப்பனின் சைக்ஸ்கள்

ஸ்மித்தைச் சென்ற வாரமே முடித்தாயிற்று. கொல்லுப்பட்டறை இருந்த ஊரிலெல்லாம் ஒரு ஸ்மித் முளைத்ததால், இன்றைய ஸ்மித்துகளுக்குள் ரத்த உறவு தேடுவது வீண். இந்த வாரம் சைக்ஸ்.

வடக்கு இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் சிற்றோடைக்கு 'சைக்' என்று பெயர். ஓடைக்கரையில் குடியிருந்தவன் சைக்ஸ் ஆனான். அந்த மேட்டுநிலத்தில் ஓடைக்கா பஞ்சம்? ஆகவே சைக்ஸ்களுக்கும் பல மூதாதையர் இருந்திருக்க வேண்டும் என்றே பெயராய்வு நூல்கள் முடிவுகட்டியிருந்தன.

அந்த முடிவை ஒரு சின்னப் பிரஷ் கவிழ்த்தது.

ஆக்ஸ்ஃபோர்டு மரபியலாளர் பிரையன் சைக்ஸ் ஒருமுறை கிளாக்ஸோ மருந்து நிறுவனத்தில் பேசப் போனார். அதன் அன்றைய தலைவர் பெயர் ரிச்சர்ட் சைக்ஸ். "நீங்கள் உறவா?" என்ற கேள்வி எழாமல் இருக்குமா? ரிச்சர்ட் யார்க்‌ஷயரின் ஹடர்ஸ்ஃபீல்டில் படித்தவர். பிரையன் லண்டனில் படித்தவர். இருவருக்கும் தெரிந்த உறவுமுறை எதுவும் இல்லை. ஆனால் சோதித்துப் பார்த்தபோது இருவரின் ஒய் குரோமோசோமும் ஒத்துப்போனது!

ஒய் குரோமோசோம் தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும். ஆங்கிலேயக் குடும்பப் பெயரும் அதே வழியில்தான் இறங்குகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் என்ன என்று பிரையனுக்குத் தோன்றியது. வாக்காளர் பட்டியலைப் போன்ற பொதுப் பதிவுகளில் கிடைத்த சைக்ஸ் ஆண்களுக்குத் தபாலில் பிரஷ் போனது. கன்னத்தின் உட்புறத்தில் தேய்த்துத் திருப்பி அனுப்பினால் போதும். அதில் ஒட்டிய செல்களே சாட்சி.

2000இல் வெளியான ஆய்வில் 48 சைக்ஸ்களின் முடிவு இருந்தது. ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஒரே மரபுக் குறி. அக்கம்பக்கத்தில் வசித்த வேறு பெயர்க்காரர்களைச் சோதித்தபோது அந்தக் குறி ஒருவரிடமும் இல்லை. அப்படியானால் ஏறக்குறைய 700 ஆண்டுகளுக்கு முன் ஓடைக்கரையில் இருந்த ஒரே ஒரு மனிதனின் வாரிசுகள் இவர்கள். நூல்கள் சொன்ன பல மூதாதையர் காணாமல் போனார்கள். காகிதம் சொல்லாததை உடம்பு சொன்னது. இந்தத் தொடரில் இதற்கு ஈடான செய்தி இதுவரை வரவில்லை.

மீதிப் பாதி? தத்துப்பிள்ளை, மனைவி வழிப் பெயரை ஏற்ற கணவன், திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தை எனக் காரணங்கள் பல. தகப்பன் வழி முறிவது தலைமுறைக்குச் சராசரியாக 1.3 சதவீதம் மட்டுமே என்று கணக்கிட்டார்கள். இத்தனை நூற்றாண்டுக்கு இது மிகச் சிறிய எண். யார்க்‌ஷயர்ப் பாட்டிகளின் மானம் காத்த எண்ணும்கூட.

சைக்ஸ் பெயர் இந்தியாவுக்கும் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்ப் படையிலிருந்த வில்லியம் ஹென்றி சைக்ஸ் தக்காணத்துப் பறவைகளை ஆராய்ந்து 1832இல் பட்டியல் வெளியிட்டார். அவர் பெயரைத் தாங்கிய கதிர்க்குருவி இனம் ஒன்று குளிர்காலத்தில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வலசை வருகிறது. அவரே பின்னாளில் கம்பெனியின் தலைவரும் ஆனார்.

இன்றைய சைக்ஸ்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று விரிவாகச் சொல்வதாக இருந்தது, இடம் தீர்ந்துவிட்டது. ஆஸ்திரேலியா, அமெரிக்கா வரை பெயர் போயிருந்தாலும், இங்கிலாந்தில் அது மிக அடர்த்தியாக இருப்பது இன்றும் ஹடர்ஸ்ஃபீல்டு வட்டாரத்தில்தான். மற்றதை, அட்டன்பரோ என்ற அரிய பெயரின் கதையோடு சேர்த்து, அடுத்த வாரம் படியுங்கள்.