தேர்தல் சொற்கள் – 7: டெபாசிட் காலி

ஓட்டு எண்ணும் நாளில் தோற்றவரைப் பற்றிச் சொல்லப்படும் பேச்சிலேயே கடுமையானது, "அவருக்கு டெபாசிட்டே காலி" என்பதுதான். தோற்றதைக்கூட ஊர் மன்னித்துவிடும். டெபாசிட் போனதை மறக்காது. சட்டமன்றத் தேர்தலில் பிறந்த இந்தச் சொல், இன்று சங்கத் தேர்தலில் மண்ணைக் கவ்வியவர்வரை எல்லோர் மேலும் விழுகிறது.

போவது எந்தப் பணம்? வேட்புமனுவோடு தேர்தல் நடத்தும் அலுவலரிடம் கட்டும் காப்புத்தொகை. 1951-ம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 34-வது பிரிவு அதைக் கட்டச் சொல்கிறது. யாருக்குத் திருப்பித் தருவது என்பதை 158-வது பிரிவு சொல்கிறது. பதிவான செல்லத்தக்க ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டியிருக்க வேண்டும். தொகுதியில் 1,80,000 ஓட்டு என்றால் 30,000 வாங்கியவருக்கும் பணம் போச்சு, 30,001 வேண்டும். நோட்டா இந்தக் கணக்கில் சேராது. ஜெயித்தவருக்கு மட்டும், எத்தனை ஓட்டு வாங்கியிருந்தாலும் பணம் திரும்பி வரும்.

பிரிட்டனில் இந்த வழக்கம் 1918-லேயே சட்டமானது. அங்கே 150 பவுண்டு. எட்டில் ஒரு பங்கு ஓட்டு வாங்காவிட்டால் அரசுக்கு. விளையாட்டாக மனு போடுகிறவர்களைத் தடுப்பதுதான் நோக்கம். தோற்றவரைத் தரம் பிரிப்பது அல்ல. நம் நாட்டில் முதல் பொதுத் தேர்தலிலேயே மக்களவைக்கு நின்ற 1,874 பேரில் 745 பேர் டெபாசிட்டை இழந்தார்கள்.

தொகை சிறிதாக இருந்தால் என்ன நடக்கும் என்பதை 1996-ல் ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சி காட்டியது. தங்கள் கோரிக்கைகளை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று விவசாயிகள் ஆளாளுக்கு 250 ரூபாய் கட்டி மனு போட்டார்கள். களத்தில் 1,033 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடிக்க வேண்டியிருந்தது, வாக்குப்பதிவும் தள்ளிப்போனது. டெபாசிட் போகும் என்று தெரிந்தே பணம் கட்டியவர்கள் அவர்கள். அந்த 250 ரூபாயைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது மனுக் கட்டணம், அரசு படித்தே ஆக வேண்டிய மனு. அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டு, சட்டமன்ற டெபாசிட் 5,000 ஆனது. இன்று அது 10,000, மக்களவைக்கு 25,000. பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்குப் பாதி.

என் மனத்தாங்கல் வேறு. நான்கு முனைப் போட்டியில் 28,000 பேரின் நம்பிக்கையைப் பெற்றவரும், 28 ஓட்டு வாங்கியவரும் மறுநாள் செய்தியில் ஒரே வரியில் 'டெபாசிட் இழந்தோர்' ஆகிறார்கள். அந்த 28,000 பேரும் வெயிலில் வரிசையில் நின்றவர்கள்தானே! பிரிட்டன் 1985-ல் தொகையை 500 பவுண்டாக ஏற்றியபோது, வரம்பை 5 சதவீதத்துக்கு இறக்கியது. நாம் 1996-லும் 2009-லும் தொகையை மட்டும் ஏற்றினோம். ஆறில் ஒரு பங்கு அப்படியே நிற்கிறது. அதை இறக்க வேண்டும்.

(தொடரும்)