கணிப்பொறியின் நினைவகத்தைப் பெருக்குதல்

வீட்டுக் கணிப்பொறி மந்தமாக இயங்கினால், அது பழுதடைந்துவிட்டதென்று கருதி ஒதுக்கிவிடுவோர் பலர். பல சமயங்களில் குறை நினைவகத்தின் அளவிலேயே இருக்கிறது. நடைபெறும் வேலைக்குரிய விவரங்களைத் தாங்கும் தற்காலிக நினைவகம் 'ராம்' எனப்படும். அது நிரம்பிவிட்டால், பொறி சில விவரங்களை வட்டில் எழுதி, வேண்டும்போது மீண்டும் படித்தெடுக்கிறது. வட்டின் வேகம் ராமின் வேகத்தைவிட மிகக் குறைவு. தாமதம் இதனாலேயே விளைகிறது.

புதிய ராம் வாங்குமுன் மூன்று செய்திகளை ஆராய்தல் வேண்டும். முதலாவது, வழக்கமான வேலைகளின்போது ராம் உண்மையிலேயே நிரம்புகிறதா என்பது; நிரம்பாவிடில் செலவு வீணே. இரண்டாவது, அதன் வகை. மேசைக் கணிப்பொறிக்குரிய டிடிஆர்3 பலகையில் 240 இணைப்பு முனைகளும், டிடிஆர்4, டிடிஆர்5 பலகைகளில் 288 முனைகளும் உள்ளன. பின்னிரண்டிலும் முனைகளின் எண்ணிக்கை ஒன்றாயினும், ஓரத்திலுள்ள வெட்டு வெவ்வேறிடத்தில் அமைந்திருப்பதால் ஒன்றற்குரிய இடத்தில் மற்றொன்று பொருந்தாது. மூன்றாவது, இயக்கமுறைமை. 32 பிட் முறைமை பொதுவாக 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட ராமைப் பயன்படுத்த இயலாது.

பொருத்துமுன் மின்னிணைப்பை அகற்றி, பொறியின் உலோகச் சட்டத்தைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்ள வேண்டும். பலகையை ஓரங்களில் மட்டுமே பிடித்து, தாழ் பூட்டிக்கொள்ளும் வரை சீராக அழுத்துதல் வேண்டும். இவற்றைக் கடைப்பிடித்தால், கைவிடவிருந்த பொறியும் மீண்டும் பயன் தரும்.