பிறந்த நாளும் பிறந்த மண்ணும்
பெண்டாங் தோட்டத்து அம்மன் சந்நிதியில் ஒரு நாள்

மானிடப் பிறவி எடுத்தோர்க்குப் பிறந்த நாள் என்பது அகவையைக் கூட்டிப் பார்க்கும் நாள் மட்டுமன்று. உயிரையும் உடலையும் தந்த இறைவனுக்கும், பெற்று வளர்த்த பெரியோர்க்கும் நன்றி செலுத்தும் நன்னாளாகவே நம் முன்னோர் அதனைப் போற்றி வந்தனர். பிறந்த தமிழ்த் திங்களில், பிறந்த நட்சத்திரம் கூடிய நாளில், அதிகாலையில் எண்ணெய் தேய்த்து நீராடி, புத்தாடை உடுத்து, ஆலயத்தில் அர்ச்சனை செய்வித்து, மூத்தோர் திருவடி வணங்கி ஆசி பெறுதலே நம் மரபு.

குழந்தைக்கு ஆண்டு நிறைவு தொடங்கி, முதியோர்க்குச் சதாபிஷேகம் வரை ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு வழிபாடு வகுக்கப்பட்டுள்ளது. தமிழாண்டுகள் அறுபதும் ஒரு சுற்று நிறைந்து, பிறந்த போது நடந்த ஆண்டே மீண்டும் வரும் வேளையில் செய்யப்படுவது சஷ்டியப்த பூர்த்தி. சான்றாக, 1966ஆம் ஆண்டு சித்திரையில் தொடங்கிய பராபவ ஆண்டு 2026ஆம் ஆண்டு சித்திரையில்தான் மறுபடியும் வருகிறது. எழுபதில் பீமரத சாந்தி. எண்பதில் சதாபிஷேகம், ஆயிரம் பிறை கண்டவர் என்று அவர்களைப் போற்றுவர். முழுமதிகள் ஆயிரம் நிறைவதற்கு எண்பது ஆண்டுகளும் ஏறத்தாழ பத்துத் திங்களும் ஆகும் என்பதை எண்ணிப் பார்த்தால், முன்னோரின் கணக்கு வெறும் புகழ்ச்சியன்று என்பது விளங்கும். மார்க்கண்டேயனைக் காலனிடமிருந்து காத்த தலமாகிய திருக்கடையூரில் இவ்வைபவங்களை நடத்துவதற்காகவே மலேசியாவிலிருந்து பயணம் மேற்கொள்ளும் குடும்பங்கள் பலவாகும்.

எனினும், இந்நாட்டுத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த முதியோர் பலருக்கு இவ்விடத்தில் ஓர் இடர்ப்பாடு உண்டு.

நட்சத்திரம் அறியாத தலைமுறை

அவர்களுக்குத் தங்கள் நட்சத்திரம் தெரியாது. அடையாள அட்டையில் ஒரு தேதி இருக்கும். அத்தேதி உண்மையானதுதானா என்று கேட்டால் புன்னகைப்பர். மலாயாவில் அவசர காலம் அறிவிக்கப்பட்ட 1948ஆம் ஆண்டில்தான் அடையாள அட்டை நடைமுறைக்கு வந்தது. அப்போதும் அதன் பின்னரும் ஆளைப் பார்த்து வயதை மதிப்பிட்டுத் தேதி எழுதிய நிகழ்ச்சிகளை நம் பெரியோர் கதைகதையாகச் சொல்வர்.

கெடா மாநிலத்துக்கு மேலும் ஒரு குழப்பம் நேர்ந்தது. ஜப்பானியர் ஆட்சியின் போது, 1943 அக்டோபரில், கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகிய நான்கு மாநிலங்களும் சயாம் நாட்டிடம் ஒப்படைக்கப்பட்டன. போர் முடியும் வரை அந்நிலையே நீடித்தது. தோட்டங்களில் வேலையில்லை, அரிசியில்லை, ஆடவர் பலர் சயாம் மரண ரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டிருந்தனர். அந்நாளில் பிறந்த குழந்தையின் நாழிகையைக் குறித்து வைத்து ஜாதகம் கணிக்க யாருக்கு மனம் வரும்?

ஆகவே, தாய்மார்கள் வேறொரு கணக்கை வைத்திருந்தனர். “தீமிதிக்கு மறுநாள் பிறந்தான்”, “கரகம் பாலித்த அன்று வலி கண்டது” என்பன அவர்கள் எழுதிய பிறப்புப் பத்திரங்கள். அம்மனின் திருவிழாவே அவர்களுக்குப் பஞ்சாங்கம். அந்தப் பஞ்சாங்கம் இருக்குமிடம் எதுவோ அதுவே பிறந்த ஊர்.

கடாரத்து மண்ணில் எழுந்த கோயில்கள்

கெடா நமக்குப் புதிய மண்ணன்று. சோழர் கல்வெட்டுகள் கூறும் கடாரம் இதுவே என்பர் அறிஞர். 1025ஆம் ஆண்டையொட்டிக் கடல் கடந்து வந்த இராசேந்திர சோழன் ‘கடாரம் கொண்டான்’ என்னும் விருதுப் பெயரைப் பெற்றான். 1,217 மீட்டர் உயர்ந்து நிற்கும் ஜெராய் மலையின் அடிவாரத்தில், பூஜாங் பள்ளத்தாக்கில், பழங்காலத்து இந்து, பௌத்த வழிபாட்டிடங்களின் அடித்தளங்கள் பல கண்டறியப்பட்டுள்ளன. மெர்போக்கில் உள்ள புக்கிட் பத்து பகாட் ஆலயம் 1959, 1960ஆம் ஆண்டுகளில் மறுசீரமைக்கப்பட்டு இன்றும் காட்சி தருகிறது.

ஆனால், அரசர் வந்த வழியில் வந்தவர்கள் அல்லர் நம் பாட்டனார்கள். 1909ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கெடா பிரிட்டிஷார் ஆதிக்கத்தின் கீழ் வந்ததையடுத்து, இம்மாநிலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கங்காணியின் சொல்லை நம்பி, நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்கள் அவர்கள். 1926ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற ‘ரஜூலா’ கப்பலின் பெயரை அறியாத தமிழ்க் குடும்பம் அந்நாளில் இல்லை எனலாம். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு தொழிலாளர்களை அனுப்புவதைத் தடை செய்யும் வரை இவ்வருகை தொடர்ந்தது.

வந்தவர்கள் காட்டோரத்தில் ஒரு கல்லை நட்டு முனீஸ்வரர் என்றனர். லயங்களின் நடுவே அத்தாப்புக் கூரையிட்டு மாரியம்மனை எழுந்தருளச் செய்தனர். சம்பள நாளில் கோயில் சந்தா பிடிக்கப்பட்டது. திருவிழாவுக்குத் தோட்டத்துத் துரை விடுப்பு அளித்தார். நிலம் அவர்களுடையதன்று, வீடும் அவர்களுடையதன்று. தங்களுடையது என்று அவர்கள் உரிமையோடு சொல்லிக் கொள்ளக் கூடியதாக இருந்தது அக்கோயில் ஒன்றே.

பெண்டாங் நோக்கி ஒரு பயணம்

எம் அன்னையாருக்கு அடையாள அட்டையின்படி எண்பது வயது நிறைந்தது 2025ஆம் ஆண்டில். சுங்கைப்பட்டாணியில் எம் இல்லத்தில் மக்களும் மருமக்களும் பேரப்பிள்ளைகளும் கூடினர். சனிக்கிழமை மாலை அணிச்சல் வெட்டி, வாழ்த்துப் பாடி, வாழையிலையில் விருந்தும் முடிந்தது. பரிசுப் பொருள்களை ஒருபுறம் ஒதுக்கி வைத்த அன்னையார், “நாளைக்கு என்னை ஊருக்கு அழைத்துப் போங்கள்” என்றார்.

“எந்த ஊர், பாட்டி? தமிழ்நாடா?” என்று கேட்டாள் பேத்தி.

“இல்லையம்மா, பெண்டாங்” என்று விடை வந்தது.

அலோர்ஸ்டாருக்குத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பெண்டாங் பட்டணம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் குரூணைக் கடந்து செல்லும் போது இடப்பக்கம் ஜெராய் மலை துணைவரும். அதன் பின்னர்ச் சமவெளி விரிந்து இருபுறமும் நெல் வயல்கள் தோன்றும். கெடா மாநிலத்தை நாட்டின் நெற்களஞ்சியம் என்று சொல்வதன் பொருள் அங்கு விளங்கும். பட்டணத்தைத் தாண்டிக் கிழக்கே செல்லச் செல்ல நிலம் மேடாகிப் பால்மரங்களும் செம்பனைகளும் தலைகாட்டும். அப்பகுதித் தோட்டமொன்றில்தான் எம் அன்னையார் பிறந்தார்.

லயங்கள் இல்லை. பிரட்டுக் களம் இல்லை. பாலைக் கொட்டிய ஸ்டோர் இருந்த இடத்தில் செம்பனை வரிசைகள் நிற்கின்றன. ஆயினும் அன்னையார் தடுமாறவில்லை. பழைய ஆலமரத்தையும் அதன் கீழ் இருந்த முனீஸ்வரர் கல்லையும் கண்டவுடன் அங்கிருந்து திசையை அளந்தார். “இது இரண்டாவது லயம். கடைசியிலிருந்து மூன்றாவது வீடு நம்முடையது” என்று செம்பனை மரமொன்றைத் தொட்டுக் காட்டினார். அவ்விடத்தில் அம்மன் கோயில் மட்டும், தகரக் கூரையுடனும் வெள்ளையடித்த சுவருடனும் நின்றிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் மட்டுமே பட்டணத்திலிருந்து வரும் பூசாரி, முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லியிருந்தமையால் அன்றும் வந்து நடை திறந்து வைத்திருந்தார்.

அர்ச்சனைத் தட்டை வாங்கிய பூசாரி, பெயர், நட்சத்திரம் கேட்டார். “நட்சத்திரம் தெரியாது, ஐயா. இந்த அம்மாவுக்கு மஞ்சள் நீராட்டு நடந்த அன்று பிறந்தேன் என்று என் தாயார் சொல்வார்” என்றார் அன்னையார். பூசாரி சற்று எண்ணி, “அப்படியானால் அம்பாள் பேரிலேயே செய்து விடுவோம், அம்மா” என்று கூறி அர்ச்சனையைத் தொடங்கினார். முந்தைய நாள் வாழ்த்துப் பாடலுக்குக் கலங்காத அன்னையாரின் கண்கள் அப்போது கலங்கின.

வழிபாடு நிறைந்த பின்னர், தாம் கொணர்ந்திருந்த அகல் விளக்கொன்றைச் சந்நிதிக்கு வெளியே ஏற்றி வைத்தார். எதற்கென்று கேட்டோம். அவருடைய தாய்மாமன் ஒருவர் 1943ஆம் ஆண்டில் சயாம் ரயில் வேலைக்குக் கொண்டு போகப்பட்டார், திரும்பவில்லை. இறந்த நாளும் தெரியாது. புதைத்த இடமும் தெரியாது. தம்பி வருவான் என்று எம் பாட்டியார், தோட்டத்தை விட்டு நீங்கும் வரை, வெள்ளிதோறும் அவ்விடத்தில் விளக்கேற்றி வந்தாராம். “எனக்குப் பிறகு அவரை நினைக்க ஆளில்லை. அதனால்தான் வந்தேன்” என்றார் அன்னையார்.

அப்படி ஒருவர் எம் குடும்பத்தில் இருந்தார் என்பதையே பேரப்பிள்ளைகள் அன்றுதான் அறிந்தனர். பேத்தி அவருடைய பெயரைக் கேட்டு எழுதிக் கொண்டாள்.

ஊர் போனாலும் கோயில் போகலாகாது

இத்தகைய நினைவுகள் உறையும் தோட்டத்துக் கோயில்களின் நிலை என்ன? 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட போது, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையும் வீடும் ஒருங்கே இழந்தன. அத்துயரைத் துடைக்கவே துன் வீ.தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தைக் கொண்டு அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம், இதே கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டமே என்பது நாம் பெருமையோடு நினைவு கூரத் தக்கது.

ஆயினும், எல்லாத் தோட்டங்களும் அவ்வாறு காக்கப்படவில்லை. பால்மரம் செம்பனைக்கு இடங்கொடுத்தது; செம்பனை வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் இடங்கொடுத்தது. துரையின் வாய்மொழி அனுமதியைக் கொண்டு எழுப்பப்பட்ட கோயில்கள் பலவற்றுக்கு நிலப்பட்டா இருந்ததில்லை. நிலம் கைமாறும் போது, வழிபடுவோரும் நிருவாகக் குழுவும் இல்லாத கோயிலுக்காகப் பேசுவார் எவருமில்லை. ஆண்டுக்கொரு முறையேனும் அடியார் கூடும் கோயிலின் குரலோ செவிமடுக்கப்படும்.

எனவே, பக்தப் பெருமக்களுக்கும் ஆலயப் புரவலர்களுக்கும் சில வேண்டுகோள்கள். உங்கள் இல்லத்து முதியோரின் பிறந்த நாளை எங்குக் கொண்டாடினாலும், அடுத்து வரும் விடுமுறை நாளில் அவர்களைப் பிறந்த தோட்டத்துக் கோயிலுக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் நடக்கக் கூடிய காலத்திலேயே இதனைச் செய்யுங்கள். பிள்ளைகளையும் உடனழைத்துச் சென்று, பெரியோர் சொல்லும் பெயர்களையும் ஊர்களையும் குலதெய்வத்தையும் ஓர் ஏட்டில் எழுதச் செய்யுங்கள். பெரிய ஆலயங்களுக்கு வாரி வழங்கும் புரவலர்கள், ஆளரவமற்ற தோட்டத்துக் கோயில்களின் விளக்கெண்ணெய்க்கும் பூசாரியின் பயணச் செலவுக்கும் ஒரு பங்கை ஒதுக்குங்கள். அக்கோயில்களின் நிருவாகக் குழுவைச் சங்கப் பதிவதிகாரியிடம் முறையாகப் பதிவு செய்யவும், நிலத்தின் நிலையை மாவட்ட நில அலுவலகத்தில் விசாரித்து ஆவணங்களைத் திரட்டவும், சட்டமறிந்த இளைஞர்கள் துணை நிற்க வேண்டும்.

கோயில் இல்லா ஊரில் குடியிருக்கலாகாது என்பது நம்மவர் வழக்கு. இன்றோ குடியிருப்பவர் எவருமின்றிக் கோயில் மட்டும் காத்திருக்கும் ஊர்கள் பல உள்ளன. தன் பிள்ளைகளின் பிறந்த நாளை அறிந்தவள் அங்கே எழுந்தருளியிருக்கும் அன்னை. அவளுடைய சந்நிதியில் ஒரு விளக்கேனும் எரியும்படி செய்வது, அவள் நிழலில் பிறந்து வளர்ந்தோர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் உரிய கடமையாகும். அக்கடமையைச் செய்ய அவளே நமக்கு அருள் புரிவாளாக.