100 கோழிக்கு ஒரு குப்பி: வெள்ளைக்கழிச்சல் மருந்தை நாமே போடலாம்



நம்ம குழுக்களில் கோழி இல்லாத வீடுகளை விரல் விட்டு எண்ணிடலாம். திருவொற்றியூர், எண்ணூர் குப்பங்களில் சந்து ஓரத்தில் நாலு கோழி மேயும். மீஞ்சூர், பொன்னேரி பக்கம் போனால் வீட்டுக்குப் பத்து, பதினைந்து. முட்டை பிள்ளைகளுக்கு. சேவல் விற்றால் அது நம்ம கைக்காசு. சந்தா கட்ட, நோட்டுப் புத்தகம் வாங்க, யாரையும் கேட்காமல் எடுக்கிற காசு அது. வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் எல்லாம் போய்விடும். உள்கடன் வாங்கி குஞ்சு விட்டவர்களுக்கு இன்னும் கஷ்டம். கோழி போயிடும், கடன் அப்படியே நிற்கும்.

இந்த நோயை டாக்டர்கள் ராணிக்கெட் நோய் என்பார்கள். இமயமலைப் பக்கம், இப்போதைய உத்தரகாண்டில் இருக்கும் ஊர் ராணிக்கெட். 1927-ல் நம் நாட்டில் இந்த நோயை அங்கே கண்டறிந்ததால் அந்தப் பெயர். அதற்கு முந்தின வருடம் இங்கிலாந்தில் நியூகாசில் என்ற ஊரில் கண்டறிந்ததால் வெளிநாட்டில் நியூகாசில் நோய். நோய் ஒன்றுதான்.

கோழி தீனி எடுக்காமல் இறக்கையைத் தொங்கப்போட்டுத் தூங்கி விழும். வெள்ளையாகவோ பச்சையாகவோ கழியும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். தப்பிப் பிழைத்த சிலது கழுத்து திருகிக்கொண்டு வட்டமாகச் சுற்றும். இது வைரஸ் நோய், வந்த பிறகு குணப்படுத்த மருந்து கிடையாது. சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி அரைத்து உருண்டை கொடுக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. கொடுங்கள், தப்பில்லை. ஆனால் அதை நம்பித் தடுப்பு மருந்தை விட்டுவிடாதீர்கள்.

தடுப்பு மருந்து ரொம்ப நாளாகவே இருக்கிறது. ராணிப்பேட்டையில் உள்ள அரசு கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் 1932-ல் தொடங்கியது. கோழிக்கழிச்சல் மருந்தும் அங்கே தயாராகிறது. (ராணிப்பேட்டை வேறு, ராணிக்கெட் வேறு. பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.) அரசு கால்நடை மருந்தகங்களில் இலவசமாகவே போடுகிறார்கள். பிப்ரவரி மாதம் கிராமங்களில் இரண்டு வார முகாமும் நடத்துகிறார்கள். அப்புறம் ஏன் கோழி சாகிறது?

காரணம் குப்பியில் இருக்கிறது. ஒரு சின்னக் குப்பி மருந்து குறைந்தது 100 கோழிக்கு. கரைத்துவிட்டால் ஒன்று, இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மிச்சத்தை நாளைக்கு என்று வைக்க முடியாது. எட்டுக் கோழி வைத்திருப்பவர் தனியாகப் போய் ஒரு குப்பி வாங்கினால் முக்கால்வாசிக்கு மேல் வீண். அதனால் யாருமே வாங்குவதில்லை. வீட்டுக்கு எட்டுக் கோழி என்றால் 12 வீடு சேர்ந்தால் 96. அதாவது ஒரு குழு, ஒரு குப்பி! இன்னொரு லாபமும் உண்டு. நம்ம வீட்டுக் கோழிக்கு மட்டும் போட்டு, பக்கத்து வீட்டில் போடாவிட்டால் நோய் தெருவிலேயே சுற்றிக்கொண்டு இருக்கும். எல்லா வீட்டிலும் ஒரே நாளில் போடுவதுதான் சரி.

சொட்டு மருந்தை நாமே போடலாம். அதன் பெயர் லசோட்டா, அல்லது எஃப் வகை. குஞ்சு பொரித்து ஏழு நாள் ஆனதும் முதல் சொட்டு, நாலாவது வாரம் மறுபடியும். முதல் தடவை மட்டும் கால்நடை மருந்தகத்தில் ஒருவரை வரச்சொல்லி, ஊக்குநரும் இன்னும் இரண்டு பேரும் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள்.

மருந்து உயிருள்ளது. சூடு பட்டால் செத்துவிடும், அப்புறம் அது வெறும் தண்ணீர். கடையிலிருந்து கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்தால் வீடு சேர்வதற்குள் கெட்டுவிடும். நம்ம ஊரில் இதற்கு வழி சுலபம். மீன் விற்கிற அக்காக்களிடம் தெர்மோகோல் பெட்டி இருக்கும், காசிமேட்டில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. நன்றாகக் கழுவிய பெட்டியில் ஐஸ் போட்டு, குப்பியையும் அதோடு தரும் கரைக்கும் திரவத்தையும் பிளாஸ்டிக் பையில் கட்டி உள்ளே வையுங்கள். வெயில் படக்கூடாது.

விடியற்காலையிலோ, சாயங்காலம் கோழி அடைந்த பிறகோ போடுவது நல்லது. பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்திருந்தால் துரத்திப் பிடிக்கிற வேலை இல்லை. மருந்தை நிழலில் கரையுங்கள். ஒருவர் கோழியைப் பிடித்துத் தலையைச் சாய்க்க வேண்டும். இன்னொருவர் ஒரு கண்ணில் ஒரே ஒரு சொட்டு விட வேண்டும். சொட்டு கண்ணுக்குள் பரவி, கோழி கண் சிமிட்டும் வரை விடாதீர்கள். உடனே விட்டால் தலையை உதறி மருந்தைக் கீழே தள்ளிவிடும். சொட்டு விடும் குழாயை டெட்டால், பினாயில் போட்டுக் கழுவாதீர்கள். அது மருந்தையும் கொன்றுவிடும்.

பெரிய கோழிகளுக்குக் குடிதண்ணீரில் கலந்து கொடுக்கும் முறையும் உண்டு. நாம் அதில் கவனமாக இருக்க வேண்டும். மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும், அது மருந்தை அழித்துவிடும். கொதிக்க வைத்து நன்றாக ஆறிய தண்ணீரையே எடுக்க வேண்டும். அதிலும் எந்தக் கோழி எவ்வளவு குடித்தது என்று தெரியாது. சில கோழி வைத்திருக்கும் நமக்குக் கண் சொட்டே மேல்.

எட்டாவது வாரம் இறக்கைக்கு அடியில் அரை மில்லி ஊசி போட வேண்டும். அது ஆர்.டி.வி.கே. என்கிற வேறு மருந்து, கொஞ்சம் வீரியமானது. சின்னக் குஞ்சுக்குப் போட்டால் ஆபத்து. இந்த ஊசியைக் கால்நடை மருந்தகத்தில் போட்டுக்கொள்ளுங்கள், அடுத்து எப்போது என்பதையும் அங்கேயே கேளுங்கள். ஊசிக்கு ஒரு வாரம் முன்னால் குடற்புழு மருந்து கொடுத்திருந்தால் ஊசி நன்றாகப் பிடிக்கும்.

"ஊசி போட்டாங்க, மறுநாளே செத்துப்போச்சு" என்று சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நோய் ஏற்கெனவே உள்ளே புகுந்த பிறகு போட்டிருப்பார்கள். மருந்து வேலை செய்ய ஒன்று, இரண்டு வாரம் ஆகும். தெருவில் கோழி சாக ஆரம்பித்த பிறகு ஓடுவதில் பயன் குறைவு. நோஞ்சான் கோழிக்கும் போடாதீர்கள். சந்தையில் வாங்கி வந்த புதுக்கோழியை இரண்டு வாரம் தனியாக அடைத்து வையுங்கள். செத்த கோழியை வாய்க்காலில் வீசாமல் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்க வேண்டும். வாத்து, காக்கை எல்லாம் சேர்ந்து சாகிறது என்றால் அது பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். கையால் தொடாமல் உடனே கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

இதெல்லாம் பெண்களால் ஆகுமா என்று வீட்டில் கேட்டால், ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் நாட்டைச் சொல்லுங்கள். அங்கே கிராமத்துப் பெண்களே பயிற்சி எடுத்து, வருடத்துக்கு மூன்று தடவை வீடு வீடாகப் போய்க் கண் சொட்டு விடுகிறார்கள். கோழிக்கு இவ்வளவு என்று சின்னக் கூலியும் வாங்குகிறார்கள். நம்ம குழுவிலும் செய்யலாம். மருந்து, ஐஸ் செலவைக் கோழிக் கணக்கில் பிரித்து, போடுகிறவருக்கும் கொஞ்சம் கொடுத்தால்தான் வேலை தொடர்ந்து நடக்கும்.

நமக்குப் பக்கத்திலேயே மாதவரத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. வீட்டுக் கோழிகளுக்காகவே, தீனி மாதிரி கொத்தித் தின்னும் குருணை வடிவ ராணிக்கெட் தடுப்பு மருந்தை அவர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். கோழியைப் பிடிக்கவே வேண்டாம். கிடைக்கிறதா, எந்த வயதில் எவ்வளவு என்று கூட்டமைப்புப் பிரதிநிதிகள் நேரில் போய்க் கேட்டு வரலாம்.

மருந்து போட்டு முடித்ததும் கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள். கழுவாமல் கண்ணைக் கசக்கினால் நமக்கும் கண் சிவந்து எரியும். காலிக் குப்பியைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்துப் புதைத்துவிடுங்கள். தீர்மான நோட்டில் கடைசிப் பக்கத்தில் தேதி, மருந்தின் பெயர், வீட்டுக்கு எத்தனை கோழி என்று எழுதி, அடுத்த சொட்டு எந்தத் தேதி என்பதையும் அன்றைக்கே குறித்து வையுங்கள்.